சின்னவன் கேட்காத தூண்டில்

பிரியமுள்ள வேலு,

நீ இருந்தால் முதலில் எதைக் கேட்பாய் என்று எனக்குத் தெரியும். அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். சின்னவன் திரும்பி வந்துவிட்டான். நாம் ஒன்பது வருஷமாகப் பார்த்த அந்த அமெரிக்க நாடகம் போன வாரம் முடிந்தது. கடைசிப் பகுதியில், யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், அந்த வீட்டின் பின்கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். நன்றாக வளர்ந்துவிட்டான். தாடி வைத்திருக்கிறான். நிற்கும்போது ஒரு தோளைச் சாய்த்து நிற்பானே, அது மட்டும் மாறவில்லை.

ரூமில் மாரியப்பன்தான் முதலில் வாயைத் திறந்தான். "வேலண்ணன் சொல்லிக்கிட்டே இருந்தாரு சார், வருவான் வருவான்னு. இருந்திருந்தா இன்னைக்கு ரூமுக்கே டீ அவரு கணக்குதான்." எல்லோரும் உன் கட்டிலைப் பார்த்தோம். அதில் இப்போது கடலூர்க்காரர் ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர். எதற்காக எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்று விளங்காமல், சட்டைப் பித்தானைத் தடவிச் சரிபார்த்துக்கொண்டார்.

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. அடுத்த மாதம் உன் வருஷத் திதி. அதற்குள் நான் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. முதலில் உன்னிடம், பிறகு உன் மகன் இளங்கோவிடம். இரண்டாவது கஷ்டம் என்பதால் முதலாவதைச் செய்து பழகிக்கொள்கிறேன். இதைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். நாலு பேர் படித்துவிட்டால் அதன் பிறகு என்னால் பின்வாங்க முடியாது. என் சுபாவம் உனக்குத் தெரியாததா?

உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதே. படிக்கிறவர்களுக்கு விளங்க வேண்டும். நானும் வரிசையாகச் சொன்னால்தான் தடுமாற மாட்டேன்.

துபாய்க்குப் பக்கத்தில், ராஸ் அல் கைமாவில் தரை ஓடு செய்யும் தொழிற்சாலை. நீ சூளையில், நான் சரக்கு அனுப்பும் பிரிவில் கிளார்க். கேம்பில் ஆறு பேருக்கு ஒரு ரூம். நான் ஆங்கிலம் எம்.ஏ. படித்தவன் என்பதால் வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோருக்கும் நான் 'சார்'. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு அந்த நாடகம் வரும். பேச்சு ஆங்கிலத்தில், கீழே அரபியில் எழுத்து ஓடும். இரண்டும் ரூமில் மற்றவர்களுக்கு எட்டாது. நான் டிவிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்வேன். நான் தும்மினால்கூட, "என்ன சார் சொல்றான், என்ன சொல்றான்" என்று நீ என் முழங்காலைத் தட்டுவாய்.

கதை ஒரு சின்ன ஊரில் ஒரு குடும்பத்தைப் பற்றியது. அம்மா, இரண்டு பையன்கள். அப்பாவுக்கு வட துருவத்துப் பக்கம் எண்ணெய்க் கிணற்றில் வேலை. பல மாதத்துக்கு ஒரு முறை வீட்டுக்கு வருவார். முதல் நாளே மாரியப்பன் சொல்லிவிட்டான்: "இது நம்ம கேஸு சார். அங்க பனி, இங்க மண்ணு. அம்புட்டுத்தான்."

இளைய பையனாக நடித்தவனுக்கு அப்போது ஒன்பது வயது. அவன் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. நீதான் 'சின்னவன்' என்று வைத்தாய். உன் இளங்கோவுக்கும் ஒன்பது. பர்ஸிலிருந்து அவன் போட்டோவை எடுத்து டிவிக்குப் பக்கத்தில் பிடித்தாய். "காதைப் பாருங்க சார், அச்சு அசல்" என்றாய். காது அப்படி ஒன்றும் ஒத்துப்போகவில்லை. நான் "ஆமாம்" என்றேன். யோசித்தால், நான் மாற்றிச் சொன்ன முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

"நெஜத்துல அவன் யாரு சார்? அவங்க அப்பா என்ன பண்றாரு?" என்று நீ கேட்டாய். அதற்காகத்தான் நான் அந்த நீல நோட்டை ஆரம்பித்தேன். சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தேடி, கிடைத்ததை எல்லாம் எழுதினேன். சோளம் விளையும் ஒரு சமவெளி ஊர். அம்மா பள்ளிக்கூட உணவகத்தில் பரிமாறுகிறவர். அப்பா நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் சாலையில்தான். ஆறு வயதில் ஒரு ரொட்டி விளம்பரம். எட்டு வயதில் ஒரு ஆஸ்பத்திரி நாடகத்தில் நினைவில்லாமல் கிடக்கும் குழந்தை வேஷம், மூன்று வாரம். அதைப் படித்துச் சொன்னபோது மாரியப்பன், "படுத்தே பேர் வாங்கியிருக்கான். நம்ம போர்மேன் பாத்தா மெமோ குடுத்திருப்பான்" என்றான். நீ சிரிக்கவில்லை. அவனுக்காக நீ கோபித்துக்கொண்டாய்.

நடிக்கும் பிள்ளைகளுக்குப் படப்பிடிப்பு நடக்கும் இடத்திலேயே தினமும் மூன்று மணி நேரம் பாடம் நடத்த வேண்டும் என்று அங்கே சட்டம். அது உனக்கு மிகவும் பிடித்திருந்தது. "வேசத்தக் கலைக்காமயே கணக்குப் போடுவானா சார்?" என்று கேட்டாய். அடுத்த தடவை போன் பேசும்போது இளங்கோவிடமும் அதைச் சொன்னாய். அவன் என்ன பதில் சொன்னான் என்று நான் கேட்டதில்லை.

மூன்றாவது வருஷம் சின்னவனுக்குப் பல்லில் கம்பி போட்டார்கள். கதையிலும் அதைச் சேர்த்துக்கொண்டார்கள். நான்காவது வருஷம் குரல் உடைந்தது. அந்த மாதம்தான் உனக்கு வந்த போட்டோவில் இளங்கோவுக்கு மேலுதட்டில் லேசாகக் கறுத்திருந்தது. உன் மகனை இரண்டு வருஷத்துக்கு ஒரு மாதம் பார்த்தாய். சின்னவனை வாரா வாரம் பார்த்தாய். ஒருவன் வளர்வதைப் பார்த்து இன்னொருவன் வளர்வதைத் தெரிந்துகொண்டாய். அதில் தப்பு என்ன இருக்கிறது என்று அப்போது நினைத்தேன்.

இளங்கோவுக்குப் பதினான்கு வயதானபோது அவன் போனுக்கு வருவதை நிறுத்தினான். "வெளையாடப் போயிருக்கான்" என்றார்கள். "குளிக்கிறான்" என்றார்கள். போன் கார்டில் மீதி நிமிஷம் ஓடிக்கொண்டிருக்க, நீ ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பாய். அதே வாரத்தில்தான் உன் ஒப்பந்தம் முடிந்தது. இன்னும் இரண்டு வருஷம் நீட்டிப்பதா, முடித்துக்கொண்டு ஊருக்குப் போவதா என்று கேட்கும் படிவம் உன் தலையணைக்கு அடியில் இருந்தது. "போயிடலாம்னு தோணுது சார். பையன் கை விட்டுப் போறான்" என்று என்னிடம் மட்டும் சொன்னாய்.

அந்த வெள்ளிக்கிழமை, எண்ணெய்க் கிணற்றிலிருந்து அப்பா வீட்டுக்கு வருகிறார். சாப்பாட்டு மேஜை. சின்னவன் எழுந்து நின்று, சத்தம் போடாமல், அவரைப் பார்த்துப் பேசினான். ஒரு நிமிஷம்தான் இருக்கும். பேசி முடித்து மாடிக்குப் போய்விட்டான். அப்பா எழுந்து பின்கட்டுக்குப் போய், சுவரில் மாட்டியிருந்த தூண்டில் கம்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நீ என் முழங்காலைத் தட்டினாய். "என்ன சார் சொன்னான்?"

நான் திரும்பிப் பார்த்தேன். ஐந்து பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஐந்து பேருக்கும் ஊரில் பிள்ளைகள். மாரியப்பன் அன்று காலையில்தான் பெண்ணின் முதல் பிறந்தநாளுக்குக் கவுன் அனுப்பியிருந்தான். திரையில் தூண்டில் தெரிந்தது. நான் சொன்னேன்: "இந்தத் தடவை லீவு முடியறதுக்குள்ள என்னை மீன் பிடிக்கக் கூட்டிக்கிட்டுப் போங்கப்பான்னு கேக்கறான்."

ரூமே மூச்சு விட்டது. "பாத்தியா, ஏங்கிப் போயிருக்கான்யா" என்றாய். உன் முகம் எப்படித் தெளிந்தது என்பதை நான் இன்னும் மறக்கவில்லை. மறுநாள் என்னிடம் படிவத்தை நீட்டினாய். "ரெண்டு வருசம் போட்டுருங்க சார். கோவமெல்லாம் இல்ல, ஏக்கந்தான். புள்ளைங்கன்னா அப்படித்தான் இருக்கும்." அந்தப் படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்பியது என் கைதான். அன்று சாயங்காலமே துறைமுகத்துப் பக்கம் மீன்பிடிச் சாமான் விற்கும் கடைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாய். மூன்று துண்டாகக் கழற்றி மாட்டும் நீலத் தூண்டில், கைப்பிடியில் சுற்றும் சக்கரத்தோடு வாங்கினாய். லீவில் போன மாரியப்பன் அதைத் தூக்கிக்கொண்டு போனான். "யோவ் வேலண்ணே, அரியலூர்ல ஏது கடலு? ஏரியிலயே மாடு மேயுது. ஏர்போர்ட்ல கேட்டா நான் என்னன்னு சொல்றது?" என்று புலம்பினான்.

சின்னவன் உண்மையில் சொன்னது இதுதான், வேலு. நோட்டில் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறேன். நாலு வருஷம் தாமதமாகத் தமிழில் சொல்கிறேன்.

"நல்ல சட்டை போட்டுக்கிட்டு வர்ற விருந்தாளி நீங்க. நீங்க இருக்கறவரைக்கும் நாங்க எல்லாரும் நல்லபடியா நடந்துக்கறோம். நீங்க கிளம்பினப்புறம்தான் இது எங்க வீடாகுது. எனக்கு உங்க மேல கோபம் இல்ல. கோபப்படணும்னா முதல்ல உங்களை எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

இந்த ஐந்து வரியை அன்று நான் சொல்லியிருந்தால் நீ படிவத்தில் வேறு கட்டத்தில் கையெழுத்துப் போட்டிருப்பாயா? ஊருக்குப் போயிருந்தால் உன் நெஞ்சுவலி அங்கே வராமல் இருந்திருக்குமா? தெரியாது. தெரியாத கேள்விகளை நான் பதில் சொல்லாமலே விட்டுவைக்கிறேன். ஆனால் முடிவெடுக்க வேண்டியவன் நீ. உன்னிடமிருந்து அந்த முடிவை நான் எடுத்துக்கொண்டேன். இரக்கத்தால் செய்தேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பயத்தால் செய்திருக்கலாம். எனக்கும் இரண்டு பெண்கள். அவர்களுக்கும் நான் நல்ல சட்டை போட்ட விருந்தாளிதானே?

அதன்பிறகு பொய் சுலபமாகிவிட்டது. அடுத்த வருஷம் சின்னவன் நாடகத்திலிருந்து காணாமல் போனான். அத்தை வீட்டுக்குப் படிக்கப் போனதாகக் கதையில் முடித்தார்கள். படப்பிடிப்பில் சண்டை போட்டு வெளியேறினான் என்று ஆங்கிலப் பத்திரிகையில் படித்தேன். உன்னிடம் "சினிமா வாய்ப்பு வந்திருக்கிறது" என்றேன். அவன் நடித்த புது நாடகம் நாலே வாரத்தில் நின்றது. அதைச் சொல்லவில்லை. ஒரு செடி வளர்க்கும் பண்ணையில் தொட்டி தூக்கினான், பள்ளிப் பரீட்சையை எழுதி முடித்தான், ஊர் நாடக மேடையில் சின்ன வேஷங்கள் போட்டான். எல்லாம் நோட்டில் இருக்கிறது. எதையும் உனக்குச் சொல்லவில்லை. அந்த இரண்டு வருஷம் முடிந்தபோது நீ லீவுக்குக்கூடப் போகாமல் மறுபடி நீட்டினாய். நீ கடைசி வரை, "பெரிய படம் சார், அதான் லேட்டாவுது" என்று ரூமில் எல்லோருக்கும் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாய்.

இப்போது நாடகம் முடிந்ததை ஒட்டி அவனுடைய பேட்டி வந்திருக்கிறது. அதை ஆறு தடவை படித்துவிட்டேன். அந்தச் சாப்பாட்டு மேஜைக் காட்சிக்கு எழுதிக் கொடுத்தது ஒரே ஒரு வரிதானாம். இயக்குநர் அவனைத் தனியாக அழைத்து, "உன் அப்பாவிடம் நீ சொல்ல நினைப்பதைச் சொல்" என்றாராம். அவன் சொன்னான். லாரி ஓட்டும் அவன் அப்பா, நெடுஞ்சாலை ஓரத்துச் சாப்பாட்டுக் கடையில், டிவியில் அதைப் பார்த்திருக்கிறார். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, இரண்டு நாள் ஓட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தாராம். இப்போது அதே ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். "நாங்கள் அதிகம் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவார். பழைய சட்டையில் வருவார்" என்று பேட்டியை முடித்திருக்கிறான்.

ஒரு அப்பாவுக்குப் போய்ச் சேர்ந்த வரி, வேலு. இன்னொரு அப்பாவுக்குப் போகாமல் நான் ஸ்டூலில் உட்கார்ந்து மறித்துக்கொண்டேன்.

போன மாதம் திதி விஷயமாக உன் வீட்டுக்குப் போன் செய்தேன். இளங்கோ எடுத்தான். டிப்ளமா கடைசி வருஷம். குரல் உன் குரல். அம்மா அழுதுகொண்டிருப்பதாகச் சொன்னான். ஏன் என்று கேட்டேன்.

"நான் திதி குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன் சார். அதுக்குத்தான்." பிறகு, "ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. எங்க ஏரியில தண்ணி இல்லன்னு எங்கப்பாவுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் தம்பி."

"அப்பறம் எதுக்கு சார் எனக்குத் தூண்டி அனுப்புனாரு? ஊர்ல அத்தன பயலும் சிரிச்சானுங்க. நாலு வருசமா சொவத்துல தொங்குது. கவர்கூடப் பிரிக்கல. எதுக்குன்னு அவருகிட்ட கேக்கணும்னு இருந்தேன். கேக்கறதுக்குள்ள போயிட்டாரு."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "கடையில ஆஃபர் போட்டிருந்தான் தம்பி. எல்லாரும் வாங்கினோம்."

அவன் சிரித்தான். "அப்ப சரி சார். ஆஃபர்ல கெடச்சத அனுப்பி வச்ச ஆளுக்கு நான் எதுக்கு எள்ளும் தண்ணியும் எறைக்கணும்? கோவமெல்லாம் இல்ல. கோவப்படறதுக்கு அவரு யாருன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும்ல?"

அவன் அந்த நாடகத்தைப் பார்த்ததே இல்லை. நான் விழுங்கிய வரி அவனிடமே பிறந்து, அரியலூர்த் தமிழில் என் காதுக்கு வந்தது. போனை வைத்தபின் வெகு நேரம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். முதல் பொய்யால் நீ அவனை அறியாமல் போனாய். இரண்டாவது பொய்யால் அவன் உன்னை அறியாமல் போகப் பார்க்கிறான். மூன்றாவதாக ஒன்று இருக்கக் கூடாது.

மறுநாள் மேனேஜரிடம் லீவு கேட்டேன். வாசலில் நின்று மூன்று முறை தொண்டையைச் செருமிவிட்டுத்தான் உள்ளே போனேன். "இப்ப லீவு மாஃபி, கெடையாது, கணபதி சார். ஸ்டாக் எடுக்கற நேரம்னு தெரியும்ல?" என்றார். "தெரியும். அப்படின்னா கலாஸ், முடிச்சுக்கலாம். விசாவைக் கேன்சல் பண்ணிடுங்க" என்றேன். அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு சிரிப்பை நிறுத்தினார். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை, உட்கார்ந்தால் மனம் மாறிவிடும். இருபத்து மூன்று வருஷத்தில் நான் ஒருவரிடமும் அப்படிப் பேசியதில்லை. சொன்னதைத் திரும்ப வாங்கவில்லை. விசா முடித்துத் திருச்சிக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. திதிக்கு ஆறு நாள் முன்னதாக உன் வீட்டில் இருப்பேன்.

மாரியப்பன் பெட்டி கட்ட உதவினான். தூண்டில் விஷயத்தை முதன்முதலாக அவனிடம்தான் சொன்னேன். கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டு, "அப்ப நீங்க இத்தன வருசமாச் சொன்னதுல எது சார் நெஜம்?" என்று கேட்டான். "முக்கால்வாசி" என்றேன். "மிச்சக் காலை ஊருக்குப் போறதுக்குள்ள எங்களுக்கும் சொல்லிட்டுப் போங்க" என்றான். இந்த வாரம் முழுவதும் டூட்டி முடிந்ததும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். யாரும் என்னை அடிக்கவில்லை. கடலூர்க்காரர் மட்டும் எழுந்து வெளியே போய், வெகு நேரம் போனில் பேசிவிட்டு வந்தார்.

இளங்கோவிடம் சொல்ல வேண்டியதை நோட்டில் வரிசைப்படுத்தி வைத்திருக்கிறேன். சின்னவன் சொன்னது. நான் சொன்னது. அதை நம்பி நீ செய்தது. பிறகு, அந்தக் கடையில் நடந்தது. நான் அதை மறந்தே போயிருந்தேன். பேட்டியைப் படித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

தூண்டிலைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் மெதுவாக, "வேலு, உங்க ஏரியில தண்ணி இல்லையே" என்றேன். அப்போதாவது உன்னைத் தடுத்துவிடலாம் என்ற நப்பாசை. நீ என்னைப் பார்க்காமலே சொன்னாய்: "தெரியும் சார். மழ பேஞ்சா ரொம்பும். ரொம்புனா நான் போய்த்தான ஆவணும்? இது ஒண்ணு அங்க தொங்கிக்கிட்டு இருந்தா, நான் வருவேன்னு அவனுக்குத் தெரியும்ல."

அவனுக்குத் தெரியவில்லை, வேலு. அதைச் சொல்ல வேண்டிய ஒரு துண்டுக் காகிதம்கூட அந்த உறைக்குள் இல்லை. அந்தக் காகிதமாகத்தான் நான் போகிறேன். கேட்டபின் அவன் திதி கொடுப்பானா, என்னை வெளியே போகச் சொல்வானா, அந்த உறையைப் பிரிப்பானா என்று எனக்குத் தெரியாது. கொடு என்று சொல்ல மாட்டேன். பிரி என்றும் சொல்ல மாட்டேன். அது அவனுடைய முடிவு. இந்தத் தடவை குறுக்கே உட்கார மாட்டேன்.

இன்னும் ஒன்று பாக்கி. ஆஸ்பத்திரியில் கடைசி நாள், அத்தனை வருஷம் 'சார்' என்று கூப்பிட்டவன் முதல் தடவையாக "அண்ணே" என்றாய். "அண்ணே, இளங்கோகிட்ட..." என்றாய். அதற்கு மேல் வரவில்லை. பதினோரு மாதமாக அந்த வாக்கியத்தை எத்தனையோ விதமாக மனதில் முடித்துப் பார்த்திருக்கிறேன். எல்லாம் அழகாகத்தான் இருந்தன. எதைச் சொன்னாலும் அவன் அழுவான், திதியும் கொடுப்பான்.

ஒன்றையும் சொல்ல மாட்டேன். நீ விட்ட இடத்திலேயே விட்டு, அரைகுறையாகவே, உள்ளது உள்ளபடி அவன் கையில் கொடுப்பேன். இது சத்தியம்.

உன் அண்ணன்,
கணபதி